மாரிப் அணை முதல் ஹுதைதா துறைமுகம் வரை

  

வானிலிருந்து மழையை இறக்கி, வறண்டு கிடக்கும் பூமியை உயிர்ப்பிக்கின்ற அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!

திருக்குர்ஆனின் 34ஆவது அத்தியாயத்திற்கு ‘ஸபஃ’ என்று பெயர். யமன் நாட்டில் உழவும் வணிகமும் செய்து வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் பெயர் அது. அந்த அத்தியாயத்தின் 15 முதல் 19 வரையுள்ள வசனங்களில் அவர்களின் வரலாற்றை அல்லாஹ் சுருக்கமாகச் சொல்லிக் காட்டுகிறான். அவர்களுக்கு வலப்புறம் ஒரு தோட்டம், இடப்புறம் ஒரு தோட்டம். தங்கள் இரட்சகன் தந்த உணவை உண்டு அவனுக்கு நன்றி செலுத்துமாறு மட்டுமே அவர்களிடம் கேட்கப்பட்டது. நல்ல பூமி என்று அல்லாஹ்வே புகழ்ந்த பூமியில் அவர்கள் குடியிருந்தார்கள். அவர்கள் முகத்தைத் திருப்பிக் கொண்டபோது அணை வெள்ளம் வந்தது. கனி தந்த தோட்டங்கள் போய், கசப்புக் காயும், சவுக்கை ஒத்த பாலை மரமும், சிறிது இலந்தையும் மிஞ்சின. மக்கள் சிதறிப் பழங்கதை ஆயினர்.

அதே யமன் இன்று உலகில் பசி மிகுந்த நாடுகளின் வரிசையில் முன்னே நிற்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டிற்கும் யமன் நாட்டிற்கும் பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. ஈமானையும் ஞானத்தையும் யமன் மக்களோடு சேர்த்துப் புகழ்ந்ததும் நாமறிந்ததே. அப்படிப்பட்ட மக்களின் பிள்ளைகள் எலும்பும் தோலுமாக மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ‘அது அல்லாஹ்வின் தண்டனை’ என்று ஒரு சொல்லில் முடித்துக் கொண்டு எழுந்து போவது எளிது. ஆனால் பாலுக்கு அழும் குழந்தை எந்த நன்றியையும் மறக்கவில்லை. ஆகவே தீர்ப்புச் சொல்ல நாம் இங்கு அமரவில்லை. ஒரு நல்ல பூமியின் உணவு எப்படி அதன் கையை விட்டுப் போனது என்பதை வரலாற்றிலிருந்து படித்துக் கொள்ளவே அமர்ந்திருக்கிறோம்.

நதியில்லா நாட்டில் இரு தோட்டங்கள்

யமனில் ஆண்டு முழுவதும் ஓடும் பெரிய நதி ஒன்றுகூட இல்லை. மேற்கு மலைகளில் ஓரளவு மழை பெய்யும். கிழக்கே போகப் போக வெறும் பாலைவனம். கோடையில் மலையில் பெய்யும் மழை, ஸைல் எனப்படும் காட்டாற்று வெள்ளமாகச் சில மணி நேரம் பாய்ந்து மணலில் மறைந்துவிடும். அந்தச் சில மணி நேரத்தைப் பிடித்தவனுக்கு ஆண்டு முழுவதும் சோறு. தவற விட்டவனுக்குப் பட்டினி.

ஸபஃ மக்கள் அதைப் பிடித்தார்கள். மாரிப் நகருக்கு அருகே மலையிடுக்கில் பாய்ந்த ஓடையின் குறுக்கே, ஈஸா நபி (அலை) அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஓர் அணை கட்டினார்கள். சுமார் 600 மீட்டர் நீளமுள்ள அந்தக் கரையின் இரு முனைகளிலும் கல்லால் ஆன மதகுகள் இருந்தன. அவற்றின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. 2023இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நீரை ஆண்டுக் கணக்கில் தேக்கி வைப்பது அந்த அணையின் வேலையன்று. பாய்ந்து வரும் வெள்ளத்தை மறித்து, அதன் மட்டத்தை உயர்த்தி, இரு மதகுகள் வழியாக வலப்புற வயல்களுக்கும் இடப்புற வயல்களுக்கும் பிரித்து அனுப்புவதே அதன் வேலை. குர்ஆன் கூறும் வலத் தோட்டமும் இடத் தோட்டமும் கண்முன் வருகின்றன அல்லவா? ஏறத்தாழ 24 ஆயிரம் ஏக்கர் நிலம் அதனால் பாசனம் பெற்றது என ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். குர்ஆனில் வரும் ‘அரிம்’ என்ற சொல்கூட ஸபஃ மக்களின் கல்வெட்டுகளில் அணை என்ற பொருளில் காணப்படுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். காட்டாற்று வெள்ளம் வெறும் நீராக வருவதில்லை. வண்டலையும் சுமந்து வருகிறது. அந்த வண்டல் படிந்து படிந்து வயல்களின் மட்டம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்ந்து கொண்டே போயிற்று. வயல் உயர்ந்தால் அணையும் உயர வேண்டும். வாய்க்கால் தூர் வாரப்பட வேண்டும். மதகு செப்பனிடப்பட வேண்டும். அப்பன் கட்டிய அணை மகனுக்குப் போதாது. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக உழைத்தால்தான் அந்தத் தோட்டம் தோட்டமாக இருக்கும்.

அவர்கள் அப்படி உழைத்த சான்றுகளும் கல்வெட்டுகளாகக் கிடைத்துள்ளன. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பெரிய மராமத்து நடந்தது. பின்னர் 548ஆம் ஆண்டு வாக்கில், யானைப் படை கொண்டு கஅபாவை இடிக்க வந்த அதே அப்ரஹா, உடைந்த அணையைப் பழுது பார்த்தான். இடையில் கொள்ளைநோய் பரவி வேலை நின்றது என்பதும், வேலையாட்களுக்குச் செலவான மாவு, பேரீச்சம்பழம், இறைச்சியின் கணக்கும் அந்தக் கல்வெட்டில் உள்ளன. ஆனால் அதற்குப் பின் சில பத்தாண்டுகளில் அணை உடைந்தபோது, மீண்டும் கட்ட ஆளில்லை. நாடு போர்களால் சிதைந்திருந்தது. நறுமணப் பொருள் வணிகமும் படுத்துவிட்டது. அணையை ஓர் எலி குடைந்தது என்று தப்ஸீர் நூல்களில் ஒரு செய்தி உண்டு. எலி குடைவதைப் பார்க்கவும் அடைக்கவும் ஆளில்லாமல் போனதே அந்தச் சமுதாயத்தின் முடிவு.

தலைமடையும் கடைமடையும்

இஸ்லாம் யமனுக்குள் நுழைந்தபோது அணை இல்லை. ஆனால் உழவு இருந்தது. மலைச் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, கல்லடுக்கிக் கரை கட்டி, வானம் வரை ஏறிச் செல்லும் படிக்கட்டு வயல்களை அம்மக்கள் உருவாக்கியிருந்தனர். சோளமும் கம்பும் வாற்கோதுமையும் அவற்றில் விளைந்தன.

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வர்களிடம் ஜகாத் பெற்று அங்குள்ள ஏழைகளுக்கே கொடுக்குமாறு பணித்தார்கள். விளைச்சலின் ஜகாத்தில் ஷரீஅத் எவ்வளவு நுட்பமாக உழவனின் வியர்வையைக் கணக்கிடுகிறது பாருங்கள்! மழையாலும் ஊற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று; நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. நீருக்காக மனிதன் எவ்வளவு பாடுபட்டான் என்பது மார்க்கத்தின் கணக்கில் ஏறியிருக்கிறது.

மதீனாவின் மஹ்ஸூர் ஓடை நீர் குறித்து நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு முஅத்தாவிலும் அபூதாவூதிலும் உள்ளது. தலைமடைக்காரர் கணுக்கால் அளவு தேக்கிக் கொண்டு, பின்னர் கடைமடைக்காரருக்கு விட்டுவிட வேண்டும் என்பதே அதன் கருத்து. யமனின் ஓடைகளில் இந்த நியதியே நூற்றாண்டுக் கணக்கில் நின்றது. ஸபீத் ஓடையில் எந்த மாதத்தில் எந்தப் பகுதிக்கு நீர் என்று வகுத்த ஏற்பாட்டை, சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஷைகு ஜபர்தி (ரஹ்) அவர்களுடையது என்று அம்மக்கள் கூறுகின்றனர். ஓர் ஆலிம் வகுத்த நீர்ப் பங்கீட்டை உழவர்கள் பல தலைமுறை பின்பற்றினார்கள் என்றால், மிம்பருக்கும் வயலுக்கும் எத்தனை நெருக்கம் இருந்திருக்க வேண்டும்!

ஏற்றுமதி செய்த நாடு

1229 முதல் 1454 வரை யமனை ஆண்ட ரஸூலி மன்னர்கள் விவசாயத்தைத் தாமே கற்றவர்கள். 1296இல் மறைந்த சுல்தான் அல்மலிக்குல் அஷ்ரஃப் உமர், வேளாண்மை பற்றித் தம் கைப்பட ஒரு நூல் எழுதினார். எந்த மாதத்தில் எதை விதைப்பது, எப்போது அறுப்பது என்று ஒரு பஞ்சாங்கமும் தொகுத்தார். அதே வழியில் வந்த சுல்தான் அல்அஃப்ளல் அப்பாஸும் ஒரு வேளாண் நூல் எழுதினார். அவர்களுடைய அதன் துறைமுகத்தில் இந்தியாவிலிருந்து அரிசியும் மிளகும் துணியும் வந்திறங்கின. யமனிலிருந்து குதிரைகள் இந்தியாவுக்கு ஏறின. இந்தியக் கடற்கரைப் பட்டணங்களின் காழிகளுக்கும் கதீபுகளுக்கும் ரஸூலி அரசு உதவித்தொகை அனுப்பிய கணக்கு அவர்களின் அரசு ஏடுகளில் இருக்கிறது. நம் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபு வேரூன்றியதில் அந்தக் கடல்வழிக்கும் பங்குண்டு.

பின்னர் காப்பி வந்தது. 15ஆம் நூற்றாண்டில் யமனின் சூஃபி பெருமக்கள் இரவு வணக்கத்தில் தூக்கம் வராமலிருக்க அருந்திய கஹ்வா, உலகமே தேடும் பண்டமாயிற்று. யமனின் படிக்கட்டு வயல்களில் விளைந்து மொக்கா துறைமுகத்தில் ஏறிய காப்பிக்கு, 17ஆம் நூற்றாண்டின் இறுதி வரை உலகச் சந்தையில் போட்டியே இல்லை. ஹஜ்ஜுக்குச் சென்ற பாபா புதன் என்ற பெரியார் சில காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது நம் பக்கத்து வழிவழிச் செய்தி. டச்சுக்காரர்கள் ஜாவாவில் பயிரிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தீவுகளில் பயிரிட்டார்கள். அடிமைகளின் உழைப்பில் மலிவாக விளைந்த அந்தக் காப்பியின் முன் யமன் காப்பி நிற்க முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மொக்காவின் காலம் முடிந்துவிட்டது.

ஆனால் அப்போதும் யமனின் அடுப்பு எரிந்தது. காரணம், உழவன் காப்பியை விற்றான், சோளத்தைத் தின்றான். சந்தை கைவிட்டபோது வயல் கைவிடவில்லை. பஞ்சங்கள் வந்தன, போயின. எனினும் நாட்டின் தானியம் பெரும்பாலும் நாட்டிலேயே விளைந்தது. 1970கள் வரை நிலை இதுதான்.

ஐம்பது ஆண்டுகளில் நடந்தது

அன்பர்களே! ஆயிரம் ஆண்டுகளாக நின்ற ஏற்பாடு, ஒரு மனிதனின் ஆயுளுக்குள் குலைந்தது. இதை நாம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1970களில் வளைகுடா எண்ணெயின் விலை உயர்ந்தது. லட்சக்கணக்கான யமன் ஆண்கள் சவூதி அரேபியாவுக்கு வேலைக்குப் போனார்கள். வீட்டுக்குப் பணம் வந்தது. வயலுக்கு ஆள் வரவில்லை. படிக்கட்டு வயலின் கல்கரையில் ஒரு கல் சரிந்தால் அன்றே எடுத்து வைக்க வேண்டும். இல்லையேல் அடுத்த மழையில் அந்தப் படி சரியும். அது கீழ்ப்படியையும் இழுத்துச் செல்லும். கல்லை எடுத்து வைக்கும் கை வெளிநாட்டில் இருந்தது.

அதே நேரத்தில் வெளிநாட்டுக் கோதுமை மலிவாக வந்திறங்கியது. மேலைநாட்டு அரசுகள் மானியம் கொடுத்து விளைவித்த அந்தக் கோதுமையின் விலைக்கு மலை உழவனால் சோளம் விற்க முடியுமா? முடியவில்லை. ரொட்டி சோளத்திலிருந்து கோதுமைக்கு மாறியது. மெல்ல மெல்ல நாடு உண்ணும் கோதுமையில் பத்தில் ஒன்பது பங்கு கப்பலில் வருவது வழக்கமாயிற்று.

வந்த பணத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அரசு டீசலை மலிவாகக் கொடுத்தது. ஓடை நீருக்குத் தலைமடை, கடைமடை என்று முறை இருந்தது. பூமிக்கடியில் உள்ள நீருக்கு அந்த முறை எட்டவில்லை. யாருடைய குழாய் ஆழமோ அவருக்கே தண்ணீர் என்றாயிற்று. நாட்டில் ஆண்டுதோறும் ஊறும் நீர் சுமார் 210 கோடி கனமீட்டர். எடுக்கப்பட்டதோ சுமார் 350 கோடி கனமீட்டர். அதில் பத்தில் ஒன்பது பங்கு விவசாயத்திற்கே போயிற்று. தலைநகர் ஸன்ஆவைச் சுற்றி ஒரு காலத்தில் சில பத்து மீட்டரில் கிடைத்த நீர், பல நூறு மீட்டருக்குக் கீழே போய்விட்டது.

அந்த நீர் எதை விளைவித்தது? காத் என்ற இலையை. யமன் மக்களில் பெரும்பாலோர் பிற்பகலில் மென்று கன்னத்தில் அடக்கிக் கொள்ளும் கிறக்கம் தரும் இலை அது. பறித்த அன்றே காசாகும். ஆண்டு முழுவதும் விற்கலாம். 1970இல் சுமார் 8 ஆயிரம் ஹெக்டேராக இருந்த காத் சாகுபடி, 2000ஆம் ஆண்டில் ஒரு லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. பாசன நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த இலைக்கே போவதாகக் கணக்கிட்டுள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் ஹைதமி (ரஹ்) அவர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே காத் குறித்துத் தனி நூல் எழுதி, அதைத் தவிர்ந்து கொள்வதே பேணுதல் என்று எச்சரித்தார்கள். உலமாக்களிடையே அதன் சட்டத்தில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் குடிநீரும் ரொட்டியும் இல்லாத ஊரில் அந்த இலைக்கு நீர் பாய்ச்சுவது தகுமா என்பதில் வேறுபட என்ன இருக்கிறது?

அதற்காகக் காத் பயிரிட்ட உழவனை மட்டும் ஏசுவதும் நீதியாகாது. 1990இல் வளைகுடா நெருக்கடியின்போது சுமார் 8 லட்சம் யமன் தொழிலாளர்கள் சவூதியிலிருந்து திரும்ப நேர்ந்தது. பணம் நின்றது, பழைய வயல்கள் சரிந்து கிடந்தன, சோளத்திற்கு விலையில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட அவன் கையில் மிஞ்சியது காத் செடி ஒன்றுதான்.

ஒரே வாசலில் தொங்கிய உணவு

இப்படி உணவு வெளியிலிருந்து வரத் தொடங்கியபின், அது வரும் வாசல் முக்கியமாகிவிட்டது. செங்கடல் ஓரத்து ஹுதைதாவும் அதை ஒட்டிய ஸலீஃபும் அந்த வாசல்கள். நாட்டின் இறக்குமதியில் சுமார் 70 விழுக்காடு அவற்றின் வழியே வந்தது. 2015 மார்ச்சில் போர் மூண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹுதைதாவின் நான்கு பளுதூக்கி இயந்திரங்கள் குண்டு வீச்சில் நொறுங்கின. கப்பல்கள் நடுக்கடலில் காத்துக் கிடந்தன.

2018 செப்டம்பரில் ஹுதைதா நகரின் செங்கடல் ஆலை, சண்டையிடும் இரு தரப்புகளுக்கு நடுவே சிக்கிக் கொண்டது. அங்கே ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் வைத்திருந்த 51 ஆயிரம் டன் கோதுமை, 37 லட்சம் மக்களுக்கு ஒரு மாதம் போதுமானது. 2019 பிப்ரவரி இறுதி வரை யாரும் அதை நெருங்க முடியவில்லை. மக்கள் பசித்திருக்க, கோதுமையை வண்டு தின்றது.

சந்தைக்கு வந்த உணவையும் வாங்க முடியவில்லை. போருக்கு முன் ஒரு டாலருக்கு 215 ரியால். 2021இல் அதன் நகரில் ஆயிரம் ரியாலைத் தாண்டியது. 2022இல் உக்ரைனில் போர் தொடங்கியதும் அங்கிருந்து வந்த கோதுமை நின்றது. அவ்வாண்டு மே மாதம் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. எங்கோ நடக்கும் போரும் எங்கோ போடப்படும் ஆணையும் யமன் தாயின் மாவுப் பானையைக் காலி செய்தன. 2021 இறுதி வரை இந்தப் போர் 3,77,000 உயிர்களைப் பறித்திருக்கும் என ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரைக் கொன்றது குண்டு அன்று. பசியும் நோயும் மருந்தின்மையும்தான். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்!

உணவைப் போர்க்கருவி ஆக்கியவர்கள் அனைவரும், அவர்கள் எந்தத் தரப்பினராயினும், எந்த மொழி பேசுவோராயினும், மறுமையில் அல்லாஹ்வின் முன் பதில் சொல்லியாக வேண்டும். அதில் ஐயமில்லை. ஆனால் பகைவன் ஒரு வாசலை அடைத்தால் ஒரு நாடே பட்டினி கிடக்கும் நிலை, போருக்கு நாற்பது ஆண்டுகள் முன்பிருந்தே கல் கல்லாகச் சரிந்து உருவானது. அதுவே நாம் படிக்க வேண்டிய பாடம்.

நன்றி என்பது உழைப்பு

குறைஷியர் குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் வணிகப் பயணம் போனதைக் குறைஷ் அத்தியாயம் நினைவூட்டுகிறது. பசியில் உணவளித்ததையும் அச்சத்தில் அபயமளித்ததையும் அல்லாஹ் அங்கே சேர்த்தே சொல்கிறான். ஆகவே வணிகத்தால் உணவு வருவதும் அவனுடைய நிஃமத்தே. பிற நாட்டு உணவை வாங்குவதில் குற்றமில்லை. வருவதை நம்பி, இருப்பதைச் சரிய விடுவதே குற்றம்.

ஸபஃ அத்தியாயத்திற்கே திரும்புவோம். அந்த மக்களின் வரலாறு தொடங்குவதற்கு இரண்டு வசனங்கள் முன்பு, 13ஆம் வசனத்தில், தாவூத் (அலை) அவர்களின் குடும்பத்தாரை அல்லாஹ் அழைத்து, நன்றியைச் செயலால் காட்டுமாறு கட்டளையிடுகிறான். நன்றியுடையோர் குறைவே என்றும் கூறுகிறான். ஷுக்ர் என்பது நாவில் ஓதும் அல்ஹம்துலில்லாஹ்வோடு முடிந்துவிடுவதில்லை. வண்டல் உயர உயர அணையை உயர்த்துவது ஷுக்ர். சரிந்த ஒரு கல்லை அன்றே எடுத்து வைப்பது ஷுக்ர். கணுக்கால் அளவு எடுத்துக் கொண்டு மீதியைக் கடைமடைக்கு விடுவது ஷுக்ர். நிஃமத்தை அனுபவித்துவிட்டு அதன் பராமரிப்பைக் கைவிடுபவன், நாவால் எத்தனை முறை புகழ்ந்தாலும் செயலால் முகத்தைத் திருப்பிக் கொண்டவனே.

யமன் மக்கள் இன்னும் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. போருக்கு நடுவிலும் சரிந்த படிகளை மீண்டும் அடுக்குவோரும், காத் செடியைப் பிடுங்கிவிட்டுக் காப்பி நடுவோரும் அங்கு இருக்கிறார்கள். டீசலுக்குப் பதிலாகச் சூரிய ஒளியில் ஓடும் மோட்டார்களும் பெருகியுள்ளன. ஆனால் செலவில்லாமல் ஓடும் மோட்டார், பகல் முழுவதும் நிலத்தடி நீரை உறிஞ்சவும் செய்யும். கருவி மாறினால் போதாது. அளவு பேணும் உள்ளம் வேண்டும். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்ற நபிமொழி அந்த அளவைத்தான் நமக்குக் கற்பிக்கிறது.

இதைப் படிக்கும் குடும்பத்தாரே! உங்கள் வீட்டுக் குழாயின் ஆழத்தைப் பற்றிப் பெருமை பேசுமுன், பக்கத்து வீட்டுக் கிணறு வற்றியதா என்று கேளுங்கள். உங்கள் ஊர்க் குளத்தின் கரையில் ஒரு கல் சரிந்திருந்தால், அது யாருடைய வேலை என்று கேட்டுக் கொண்டிராதீர்கள். தஸ்தர்கானில் மிஞ்சும் ரொட்டியைக் குப்பையில் போடுமுன், ஆலையில் வண்டு தின்ற அந்தக் கோதுமையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் யமன் மக்களுக்காகக் கையேந்துங்கள். நம்பத் தகுந்த வழியில் உதவி சேருமானால் உங்கள் ஸதக்காவில் அவர்களுக்கும் ஒரு பங்கு வையுங்கள்.

யா அல்லாஹ்! யமன் மக்களைப் பசியிலிருந்தும் அச்சத்திலிருந்தும் காப்பாயாக! அவர்களின் வயல்களுக்கு மழையையும், அவர்களின் வீடுகளுக்கு அமைதியையும் அருள்வாயாக! நீ தந்த நிஃமத்துகளை உழைத்துப் பேணி, கடைமடையில் நிற்பவரின் பங்கைக் கொடுத்து வாழும் நன்றியுள்ள அடியார்களாக எங்களையும் எங்கள் சந்ததியினரையும் ஆக்குவாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.